நேரில் பார்க்காத பையரிடம் பனியன் ஆர்டர் எடுப்பது எப்படி?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒருவர் திருப்பூரில் இருபது மெஷின் போட்டு ஒரு சின்ன பனியன் கம்பெனி நடத்துகிறார், இதுவரை பெரிய கம்பெனிகளுக்குக் கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் ஜாப் ஒர்க்தான், இப்போது மொத்தமாக வாங்கும் ஐரோப்பிய பையர்களுக்கு நேரடியாகச் செய்ய ஆசை. வெளிநாட்டுக் கண்காட்சியில் ஸ்டால் போடப் பணம் இல்லை. மெயில், வாட்ஸ்அப், வீடியோ கால் இவற்றை மட்டும் வைத்து ஆர்டர் எடுக்க முடியுமா, இங்கிலீஷும் சுமார்தான், எப்படிப் பேசினால் நம்புவார்கள் என்று கேட்டிருக்கிறார்.

முடியும். பையரிடம் பேசி ஆர்டரைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசராக நான் இருந்து செய்த ஆர்டர்களில் சில பையர்களை இன்றுவரை நேரில் பார்த்ததே இல்லை. அதனால் தெரிந்ததை விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் இங்கிலீஷ் பயத்தை விட்டுவிடுங்கள். ஜெர்மனியிலோ இத்தாலியிலோ உட்கார்ந்திருக்கும் பையருக்கும் அது இரண்டாவது மொழிதான். சின்ன வாக்கியம், நிதானமான பேச்சு, அவ்வளவு போதும். உண்மையான சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. முன்பெல்லாம் பையர் திருப்பூர் வந்து ஷோரூமில் உட்கார்ந்தால் என்ன செய்வார் என்று நினைத்துப் பாருங்கள். துணியைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து ஒரு தேய்ப்பு, குறுக்கே ஒரு இழுப்பு, அப்புறம் ஜன்னல் பக்கம் திரும்பி வெளிச்சத்தில் பிடித்து ஒரு பார்வை. விலைப் பேச்செல்லாம் அதற்குப் பிறகுதான். ஆன்லைனில் அந்தக் கை இல்லை. துணியைத் தொட முடியாதவர், உங்கள் ஃபேக்டரி வாசலைக்கூடப் பார்க்காதவர், முப்பது சதவீதம் அட்வான்ஸ் அனுப்பிவிட்டு மூன்று மாதம் காத்திருக்க வேண்டும், சீசனுக்குள் சரக்கு வராவிட்டால் அவர் கடை காலி. இந்தப் பயத்தோடுதான் அவர் உங்கள் மெயிலைத் திறக்கிறார். அதனால் அவர் கைக்குப் பதிலாக நீங்கள் என்ன கொடுக்கிறீர்கள் என்பதுதான் விஷயம். நன்றாகப் பேசுவதை விட, அவர் தானே சோதித்துப் பார்க்கிற மாதிரி காட்டுவதுதான் விற்கிறது.

ஒரு வீடியோ காலைச் சொல்கிறேன். குழந்தைகள் துணி விற்கும் ஒரு சின்ன ஜெர்மன் பிராண்ட், பேசியவர் அதன் உரிமையாளர் அம்மாவே. அதற்கு முன் வேறு ஊரில் ஒரு சப்ளையர் 180 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணி 180 கிராம்) என்று சொல்லி 160 அனுப்பி ஏமாற்றியிருந்தாராம், அதனால் ஆரம்பத்திலிருந்தே குரலில் ஒரு இறுக்கம். நான் ஸ்லைடு எதுவும் போடவில்லை. செல்போனை ஒரு ஸ்டாண்டில் மாட்டி மேஜையை மேலிருந்து பார்க்கிற மாதிரி வைத்திருந்தேன். துணி ரோலை அவர் கண் முன்னால் விரித்து, "எந்த இடத்தில் வெட்டட்டும், நீங்களே சொல்லுங்கள்" என்றேன். கொஞ்சம் இடது பக்கம், இன்னும் கீழே என்றார். அந்த இடத்தில் ஜிஎஸ்எம் கட்டரை வைத்து அழுத்தித் திருகினேன். வட்டமாக வந்த துண்டைத் தராசில் வைத்தேன், 1.82 கிராம். அந்தக் கட்டர் வெட்டுவது சரியாக 100 சதுர சென்டிமீட்டர், அதனால் எடையை நூறால் பெருக்கினால் 182. அவரே வாயால் கணக்குப் போட்டுப் பார்த்தார். அப்புறம் இன்னும் இரண்டு இடத்தில் வெட்டச் சொன்னார், வெட்டினேன். 179, 181. அதற்குப் பிறகு அவர் கேட்ட கேள்விகள் எல்லாம் சந்தேகக் கேள்விகளாக இல்லை, டெலிவரி தேதி, லேபிள், பாலிபேக் என்று வேலைக் கேள்விகளாக மாறிவிட்டன. அந்த இடத்திலேயே ஆர்டர் பாதி முடிந்துவிட்டது.

இதையே மற்றதுக்கும் செய்யலாம். சுருக்கம் எவ்வளவு என்று கேட்டால் "ஐந்து சதவீதத்துக்குள்" என்று எழுதி அனுப்பாதீர்கள். துணியில் 50க்கு 50 சென்டிமீட்டர் சதுரம் மார்க் பண்ணி, துவைத்து, காய வைத்து, டேப் வைத்து அளக்கிற வீடியோ ஒரு நிமிடத்துக்கு எடுத்து அனுப்புங்கள். 50 என்பது 48ஆக வந்திருந்தால் நாலு சதவீதம், அவருக்கே தெரியும். அளவு காட்டும்போது நெஞ்சளவை அக்குளுக்கு எத்தனை சென்டிமீட்டர் கீழே எடுக்கிறீர்கள் என்பதையும் டேப் வைத்தே காட்டுங்கள். அளக்கும் முறை ஆளுக்கு ஆள் மாறும், அதில்தான் பாதி அளவுத் தகராறு வருகிறது.

ஆனால் ஒன்றை மட்டும் எந்தக் காரணத்துக்கும் கேமராவில் முடிக்காதீர்கள், கலர். செல்போன் கேமரா தானாகவே வெள்ளைச் சமநிலையை மாற்றிக்கொள்ளும், வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கும், அவர் ஸ்கிரீன் வேறொரு நிறத்தில் காட்டும். நான் வேலை பார்த்த ஒரு இடத்தில் அவசரத்துக்கு நேவி ப்ளூ லேப் டிப்பை, அதாவது கலர் சரிபார்க்கச் சாயம் போட்ட சின்ன மாதிரித் துண்டை, போட்டோ எடுத்து அனுப்பினோம், பையரும் அவசரத்தில் ஓகே என்று பதில் போட்டார், மொத்தத் துணியும் டையிங் போய்விட்டது. சரக்கு அங்கே இறங்கியதும் "இது நேவி இல்லை, ஊதா அடிக்கிறது" என்றார்கள். அந்த ஓகே மெயில் எங்களிடம் இருந்தது, வாதாடினோம், ஆனாலும் தள்ளுபடி கொடுத்துத்தான் முடிக்க வேண்டியிருந்தது, அந்தப் பையர் திரும்பவும் வரவில்லை. போட்டோவை அனுப்பியதே எங்கள் தப்பு. கலரைக் குறிக்கும் பொது எண்ணான பான்டோன் டிசிஎக்ஸ் நம்பரை எழுத்தில் வாங்குங்கள், லேப் டிப்பை ஏ, பி, சி என்று மூன்று ஷேடாக கொரியரில் அனுப்புங்கள், எந்த வெளிச்சத்தில் பார்க்க வேண்டும் என்றும் எழுதுங்கள். பகல் வெளிச்சத்துக்கான டி65 விளக்கில் சரியாக இருக்கிற கலர் கடை விளக்கான டிஎல்84ல் வேறாகத் தெரியலாம், அது டை கலவையைப் பொறுத்தது. கொரியர் செலவை மிச்சம் பிடிக்கப் பார்த்து ஒரு கன்டெய்னர் சரக்கைப் பணயம் வைக்க வேண்டாம்.

போட்டோ அனுப்பியே ஆகவேண்டிய இடத்தில், தையல், பிரிண்ட், லேபிள் வைத்த இடம் மாதிரி விஷயங்களுக்கு, வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பாமல் டாக்குமெண்டாக அனுப்புங்கள், அப்போது சுருங்காது. ஃபைலுக்கு ஸ்டைல் நம்பரையே பெயராக வையுங்கள்.

சரி, முதல் மெயிலுக்கு வருவோம், ஏனென்றால் பையரே இல்லாமல் யாரிடம் கட்டரைக் காட்டுவது. எனக்கும் தினம் நூல் கம்பெனி, பட்டன் கம்பெனி, ஜிப் கம்பெனி மெயில்கள் வரும். "நாங்கள் முன்னணி நிறுவனம், உலகத் தரம், போட்டி விலை" என்று ஆரம்பிப்பதை நான் படிப்பதே இல்லை. பையரும் அப்படித்தான். அவருடைய ஆன்லைன் கடையை அரை மணி நேரம் பாருங்கள். என்ன துணி, என்ன அளவு, எந்த வயது, விலை எந்த வட்டத்தில் இருக்கிறது என்று குறித்துக்கொண்டு, அதில் உங்களால் நன்றாகச் செய்ய முடிகிற ஒரே ஒரு பொருளைப் பற்றி ஆறு வரி எழுதுங்கள். என்ன துணியில் செய்வீர்கள், ஒரு கலருக்குக் குறைந்தது எத்தனை பீஸ், சாம்பிள் எத்தனை நாளில் வரும், உங்களிடம் என்ன சர்டிபிகேட் இருக்கிறது, இவ்வளவுதான். பத்து எம்பி கேட்டலாக் வேண்டாம்.

ஆயிரம் பேருக்கு ஒரே மெயிலை அடிக்கிற வேலையும் வேண்டாம். ஜெர்மனியில் முன்சம்மதம் இல்லாமல் விளம்பர மெயில் அனுப்புவது, கம்பெனிகளுக்கு அனுப்பினாலும், அவர்களுடைய போட்டிச் சட்டப்படி தப்பு. போகட்டும், சட்டத்தை விடுங்கள், மொத்தமாக அனுப்பினால் உங்கள் டொமைனே ஸ்பாமில் போய் விழும், அப்புறம் உண்மையான பையருக்கு அனுப்புகிற மெயிலும் அங்கேதான் போகும். நிறைய பிராண்டுகள் சப்ளையர்களுக்கென்றே தனி ஃபார்ம் வைத்திருக்கிறார்கள், அதை நிரப்புங்கள். ஆயத்த ஆடை ஏற்றுமதி மேம்பாட்டுக் கழகமான ஏஇபிசி நடத்தும் பையர் சந்திப்புகளுக்குப் பதிவு செய்யுங்கள். திருமுருகன்பூண்டி ஐகேஎஃப் வளாகத்தில் நடக்கும் நிட் ஃபேருக்கு வெளிநாட்டுப் பயணச் செலவு கிடையாது, அங்கே ஒரு நாள் நின்றாலே பையிங் ஏஜென்ட்கள் நாலு பேரைத் தெரிந்துகொள்ளலாம். ஜிமெயில் முகவரியில் ஏற்றுமதி செய்யாதீர்கள், கம்பெனி பெயரில் டொமைன் வாங்கி, அதில் மெயில் உங்களிடமிருந்துதான் வருகிறது என்று காட்டும் எஸ்பிஎஃப், டிகேஐஎம் என்கிற இரண்டு அமைப்பையும் போட்டுத் தரச் சொல்லுங்கள். இது இல்லாமல் மெயில் போய்ச் சேரும் என்று நம்பிக்கொண்டிருக்க முடியாது.

ஒரு சின்ன விஷயம், ஆனால் பலர் கவனிப்பதில்லை. நம் பெயரில் இனிஷியல் முன்னால் இருக்கும், சில சமயம் அப்பா பெயர் பின்னால் இருக்கும், பையருக்கு உங்களை எப்படிக் கூப்பிடுவது என்றே தெரியாது. மெயில் கடைசியில் நீங்கள் கூப்பிடப்பட விரும்பும் பெயரை மட்டும் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். அதேபோல அவர் ஆணா பெண்ணா என்று தெரியாமல் "டியர் சார்" போடாதீர்கள்.

நேரம். ஜெர்மனிக்கும் நமக்கும் குளிர்காலத்தில் நாலரை மணி நேர வித்தியாசம், கோடையில் மூன்றரை. மார்ச் கடைசி ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும் அவர்கள் கடிகாரத்தை மாற்றுவார்கள், அமெரிக்கா வேறு ஞாயிறில் மாற்றும், அந்த வாரங்களில் கால் நேரம் குழம்பும். அவர்களுக்குக் காலை ஒன்பது என்பது நமக்குக் கோடையில் பகல் பன்னிரண்டரை, குளிரில் ஒன்றரை. இதை நான் நமக்குச் சாதகம் என்றே சொல்வேன். நேற்று மாலை அவர் கேட்டதற்கு, இன்று காலை அவர் ஆபீஸ் திறப்பதற்குள் உங்களுக்கு முழுசாக ஒரு காலைப்பொழுது இருக்கிறது, டையிங்குக்கும் நிட்டிங்குக்கும் போன் போட்டுச் சரியான பதிலோடு மெயில் போட்டுவிடலாம். பதில் இன்னும் கிடைக்கவில்லை என்றால், எப்போது கிடைக்கும் என்ற நேரத்தையாவது எழுதுங்கள். வெள்ளி மதியத்துக்கு மேல் அங்கே முடிவு எதுவும் எதிர்பார்க்க வேண்டாம். ஆகஸ்டில் பாதிப் பேர் லீவு. நம் பக்கமும் சொல்லுங்கள்: தீபாவளிக்கு ஊருக்குப் போன தொழிலாளர்கள் திரும்பி வந்து லைன் முழுதாக ஓட ஒரு வாரம் பத்து நாள் ஆகும், பொங்கலுக்கும் அப்படியே. ஆர்டர் பேசும்போதே அந்தத் தேதிகளைக் கொடுத்துவிட்டால் அது திட்டம், தீபாவளிக்கு முந்தின நாள் சொன்னால் அது சாக்கு.

அப்புறம் நம் ஆட்களிடம் இருக்கிற ஒரு பழக்கம், எனக்கும் ரொம்ப நாள் இருந்தது. எதைக் கேட்டாலும் "யெஸ், நோ ப்ராப்ளம்". மரியாதைக்காகச் சொல்கிறோம், கேட்டது புரிந்தது என்ற அர்த்தத்தில் சொல்கிறோம். பையர் அதை வாக்குறுதியாக எழுதிக்கொள்கிறார். "பார்க்கலாம், முயற்சி செய்கிறோம்" என்று நாம் சொன்னால் நமக்குள் அது முடியாது என்பதன் பாதி, அவருக்கு அது முடியும் என்பதன் பாதி. வீடியோவில் தலையை ஆட்டுவதும் அப்படியே, அவர்களுக்கு ஆமாமா இல்லையா என்றே விளங்காது. வாயால் சொல்லுங்கள். முடியாது என்றால் முடியாது, ஆனால் இதைச் செய்யலாம் என்று சொல்லுங்கள். கால் முடிந்த ஒரு மணி நேரத்துக்குள் பேசியதையெல்லாம் நம்பர் போட்டு மெயிலில் அனுப்புங்கள்: எது முடிவானது, எது பாக்கி, யார் எந்தத் தேதிக்குள். இங்கிலீஷ் சுமார் என்று சொன்னீர்களே, அதற்கும் இதுதான் மருந்து, காதில் தவறவிட்டது எழுத்தில் மாட்டிக்கொள்ளும்.

விலைக்கு வருகிறேன். வெறும் ஒரு எண்ணை அனுப்பினால் அவர் செய்ய முடிந்தது ஒன்றுதான், குறை என்று சொல்வது. அதனால் இரண்டு மூன்று வழியாகக் கொடுங்கள், 30ஸ் கோம்ப்ட் நூலில் 150 ஜிஎஸ்எம் இந்த விலை, அதைவிடத் தடிமனான 24ஸ் நூலில் 180 ஜிஎஸ்எம் இந்த விலை, ஆர்கானிக் காட்டன் என்றால் இது என்று. அவர் குறைக்கக் கேட்டால் சும்மா குறைக்காதீர்கள், குறைத்தால் முதலில் சொன்ன விலை பொய் என்று ஆகிவிடும். இரண்டு கலரை ஒன்றாக்கினால் இவ்வளவு குறையும், பிரிண்டில் ஒரு நிறம் எடுத்தால் இவ்வளவு குறையும் என்று காரணத்தோடு குறையுங்கள்.

ஒரு கலருக்கு இத்தனை பீஸுக்குக் குறைந்து முடியாது என்று சொல்லும்போது சின்ன பையர்களுக்குக் கோபம் வரும், நம்மைத் துரத்துகிறார்கள் என்று நினைப்பார்கள். நான் கணக்கைக் காட்டிவிடுவேன். பெரியவர் டி-ஷர்ட்டுக்குச் சுமாராக 200 கிராம் துணி, 300 பீஸுக்கு 60 கிலோ. சாயப்பட்டறையில் இருக்கிற மெஷின் 250 கிலோ. அதில் 60 கிலோ போட்டால் தண்ணீரும் நீராவியும் சாயமும் ஏறும், ஷேடும் ஒழுங்காக வராது. அந்த மெஷின் பக்கத்தில் நின்று எடுத்த ஒரு படமும் இந்த மூன்று வரிக் கணக்கும் போதும், பலர் தாங்களாகவே கலரைக் குறைத்துக்கொண்டு வந்திருக்கிறார்கள்.

விலைக்குத் தேதி போடுங்கள், இந்த விலை இன்ன தேதிவரை என்று. நூல் விலை எப்படி மாறும் என்று உங்களுக்கே தெரியும். 2022 மே மாதம் 356 கிலோ கொண்ட ஒரு கண்டி பஞ்சு ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டியது, நூல் விலையை எதிர்த்து திருப்பூரே கடையடைத்தது. அந்தச் சமயம் தேதி போடாமல் விலை கொடுத்துவிட்டு மாட்டிக்கொண்டவர்களை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். பஞ்சு விலைச் செய்தியை மாதா மாதம் இரண்டு வரியில் பையருக்கு அனுப்பிக்கொண்டே இருங்கள், ஏற்றும்போது அவர் அதிர்ச்சி அடைய மாட்டார். இறங்கும்போதும் அனுப்ப வேண்டும், அதைத்தான் நிறையப் பேர் செய்வதில்லை.

சர்டிபிகேட் பற்றி ஒன்று. ஆர்கானிக் துணிக்கான காட்ஸ் இருக்கிறது என்றால் பிடிஎஃப்பை மட்டும் அனுப்பாமல் லைசென்ஸ் நம்பரைக் கொடுத்து, அவர்களுடைய பொதுத் தளத்தில் நீங்களே தேடிப் பாருங்கள் என்று எழுதுங்கள். உங்களுக்கு இல்லை, உங்கள் டையிங்குக்குத்தான் இருக்கிறது என்றால் அதையும் அப்படியே எழுதுங்கள். ஐரோப்பியப் பையர் சாயத் தண்ணீர் எங்கே போகிறது என்று கட்டாயம் கேட்பார். இதில் தயங்காதீர்கள், நம் ஊருக்குச் சொல்ல ஒரு கதை இருக்கிறது. நொய்யல் கெட்டது உண்மை, 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதும் உண்மை, அதற்கப்புறம் கழிவுநீரை வெளியே விடாமல் சுத்திகரித்துத் திரும்பப் பயன்படுத்தும் முறைக்கு மாறித்தான் பட்டறைகள் ஓடுகின்றன. உங்கள் துணி போகிற பட்டறையில் அனுமதி வாங்கி, அது சேர்ந்திருக்கிற பொதுச் சுத்திகரிப்பு நிலையம் வரை நடந்து போய் ஒரே வெட்டில்லாத வீடியோவாக எடுத்து வையுங்கள். எடிட் பண்ணாத, ஆடுகிற, சத்தம் நிறைந்த அந்த ஐந்து நிமிடம், இசை போட்ட கம்பெனி வீடியோவை விட நம்பிக்கை தரும்.

பணம். உங்கள் பேங்க் விவரத்தை ஆர்டருக்கு முன் அனுப்பும் முதல் ப்ரொஃபார்மா இன்வாய்ஸிலேயே கொடுத்து, "இந்தக் கணக்கு எண் மெயிலில் ஒருபோதும் மாறாது, மாறியதாக மெயில் வந்தால் எனக்கு வீடியோவில் கூப்பிட்டுக் கேட்காமல் பணம் அனுப்ப வேண்டாம்" என்று எழுதிவிடுங்கள். மெயிலை ஹேக் செய்து, இன்வாய்ஸில் கணக்கு எண்ணை மட்டும் மாற்றி அனுப்பிப் பணத்தைத் தூக்கும் மோசடி இந்தத் தொழிலில் சாதாரணமாக நடக்கிறது. இந்த ஒரு வரியைப் பார்த்தே ஒரு பையர் எங்களிடம், இதுவரை எந்தச் சப்ளையரும் இப்படி எழுதியதில்லை என்றார். உங்கள் பக்கப் பாதுகாப்புக்கு, கடனில் சரக்கு அனுப்பும் முன், ஏற்றுமதிப் பணம் வராமல் போவதற்குக் காப்பீடு தரும் அரசு நிறுவனமான இசிஜிசியில் அந்தப் பையருக்கு வரம்பு கேளுங்கள். ஜூமில் நல்ல மனிதராகத் தெரிவது வேறு, கட்டுவது வேறு.

கடைசியாக, கெட்ட செய்தி. நவம்பர் மழையில் துணி காயவில்லை, பிரிண்ட் போன இடத்தில் லேட், ஏதாவது ஒன்று நடக்கும். நாலு நாள் தாமதம் ஆகும் என்று உங்களுக்குத் தெரிந்த அன்றே சொல்லுங்கள், ஒளித்து வைத்து அவர் கேட்கும்போது சொல்லாதீர்கள். நேரில் வந்துபோகிற பையராவது ஃப்ளோரில் நடந்து தெரிந்துகொள்வார், தொலைவில் இருப்பவருக்கு உங்கள் மெயில்தான் கண். நான் வாரா வாரம் புதன்கிழமை ஒரே மாதிரி ஒரு மெயில் போடுவேன்: எத்தனை பீஸ் கட்டிங், எத்தனை தையல், எத்தனை செக்கிங், எத்தனை பேக்கிங், அதோடு அன்று லைனில் எடுத்த இரண்டு படம். வேலை நகராத வாரத்திலும் அந்த மெயில் போகும், ஏன் நகரவில்லை என்ற ஒரு வரியோடு. சரக்கு தூத்துக்குடியில் கப்பல் ஏறியபின் கன்டெய்னர் நம்பரும், மூடிய சீலின் படமும்.

அப்ரூவ் ஆன சாம்பிளில் இரண்டு செட் செய்து, இரண்டிலும் ஒரே டேக்கில் தேதியும் கையெழுத்தும் போட்டு, ஒன்றை அவருக்கு அனுப்பி மற்றொன்றைக் கவரில் மூடி நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த காலில் "காலர் ரிப் ஒரு சென்டிமீட்டர் குறைக்கலாமா" என்று அவர் கேட்கும்போது இரண்டு பேர் கையிலும் ஒரே பனியன் இருக்கும். அந்த ஜெர்மன் அம்மாவின் இரண்டாவது ஆர்டர் அப்படித்தான் வந்தது, கால்கூட இல்லை, ஸ்டைல் நம்பர், மூன்று கலர், எண்ணிக்கை, "போன முறை மாதிரியே, ரிப் மட்டும் 1 சென்டிமீட்டர் குறைவு" என்று ஒரு மெயில்.